கார் விபத்தில் காயம், வண்டியும் போச்சு: இழப்பீடு கேட்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மாவட்ட நீதிமன்றத்தில் மோட்டார் வாகன விபத்து வழக்குகளை நடத்தும் வழக்கறிஞன் நான். கட்டுப் போட்ட காலோடு வருபவர்களும் அவர்கள் வீட்டாரும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். தமிழ்நாட்டு நடைமுறையை வைத்து எழுதியது. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கிடைக்கப்போகும் தொகை பெரும்பாலும் நீதிமன்றத்தில் வாதாடும் நாளில் முடிவாவதில்லை. விபத்து நடந்த முதல் சில நாட்களில் எந்தத் தாளில் என்ன எழுதப்பட்டது என்பதில்தான் அது முடிவாகிறது.

விபத்து இப்போதுதான் நடந்தது. முதலில் எதைச் செய்ய வேண்டும்?

உயிரைப் பாருங்கள். 108-ஐ அழையுங்கள். பணத்துக்கு என்ன செய்வது என்று தனியார் மருத்துவமனை வாசலில் தயங்கி நிற்க வேண்டாம். தமிழ்நாடு அரசு 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளுக்கும் இது பொருந்தும். மத்திய அரசும் 2025 மே மாதம் ஒரு திட்டத்தை அறிவித்திருக்கிறது. அதன்படி விபத்து நாளிலிருந்து 7 நாட்களுக்கு ரூ.1.5 லட்சம் வரை பணம் கட்டாமல் சிகிச்சை பெறலாம்.

கை கால் அசைகிற யாராவது உடன் இருந்தால், வண்டிகளை நகர்த்துமுன் போனில் படம் எடுக்கச் சொல்லுங்கள். இரண்டு வண்டிகளின் நம்பர் பிளேட், நின்ற இடம், டயர் தேய்ந்த தடம், உடைந்த கண்ணாடி, பக்கத்துக் கடையின் சிசிடிவி கேமரா எல்லாம் படத்தில் வரட்டும். அந்தக் கேமராப் பதிவு சில நாட்களில் அழிந்துவிடும். மறுநாளே போலீசிடம் சொல்லி எடுக்க வைக்க வேண்டும்.

மருத்துவமனையில் என்ன சொன்னாலும் சிகிச்சை தரத்தானே போகிறார்கள்? அதில் கவனிக்க என்ன இருக்கிறது?

இதைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலாகச் சொல்வேன்.

இரவு 11 மணி. அவசர சிகிச்சைப் பிரிவில் ஸ்ட்ரெச்சரில் அண்ணன் கிடக்கிறார். பணியில் இருக்கும் மருத்துவர் பேனாவைத் திறந்துகொண்டு, “என்னாச்சு?” என்கிறார். தம்பி பதற்றத்தில், “கார் கவுந்துருச்சு சார்” என்கிறார். விபத்துப் பதிவேட்டில், நாங்கள் ஏ.ஆர். என்று சொல்லும் அந்தப் பதிவேட்டில், ‘ஓட்டி வந்த கார் தானாகக் கவிழ்ந்ததாகச் சொல்லப்படுகிறது’ என்று ஒரு வரி ஏறிவிடுகிறது. நடந்தது வேறு. பின்னால் வந்த லாரி பக்கவாட்டில் இடித்துத்தான் கார் கவிழ்ந்தது. தம்பி பொய் சொல்லவில்லை, பாதியைத்தான் சொன்னார். அந்தப் பாதியைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு வருடம் கழித்து லாரியின் இன்சூரன்ஸ் வழக்கறிஞர் மருத்துவமனை ஆவணக் காப்பாளரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றி, “முதல் ஆவணத்தில் லாரியே இல்லையே” என்று கேட்பார்.

ஆகவே உடன் போகிறவர் நான்கைச் சொன்னால் போதும்: எந்த வண்டி இடித்தது, அதன் நம்பர் என்ன, எங்கே, எத்தனை மணிக்கு. நம்பர் தெரியாவிட்டால் ‘ஒரு டேங்கர் லாரி’ என்றாவது சொல்லுங்கள். மருத்துவர் எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்பதில் தவறே இல்லை.

ஏற்கெனவே தப்பாக எழுதியாகிவிட்டதா? வழக்கு அத்தோடு முடிந்துவிடாது. போலீஸ் வாக்குமூலத்தில் முழுதாகச் சொல்லுங்கள். உங்கள் காரில் லாரியின் பெயின்ட் ஒட்டியிருக்கும் இடத்தைப் படம் எடுங்கள். மோட்டார் வாகன ஆய்வாளர் வண்டியைப் பார்க்க வரும்போது அந்த ஒடுங்கலைக் காட்டுங்கள். அவர் அறிக்கையில் அது பதிவானால் பெரிய பலம்.

எஃப்.ஐ.ஆர். கட்டாயமா? ஸ்டேஷனில் சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

சி.எஸ்.ஆர். என்பது புகார் வந்தது என்பதற்கான ரசீது மட்டுமே. பம்பர் நெளிந்ததற்குச் சொந்த இன்சூரன்ஸில் க்ளெய்ம் கேட்கப் பல நேரங்களில் எஃப்.ஐ.ஆர். கேட்கமாட்டார்கள். உடலில் காயம் என்றால் எஃப்.ஐ.ஆர். இருந்தே ஆக வேண்டும் என்று எண்ணி நடந்துகொள்ளுங்கள். “சமாதானமாப் போயிருங்க” என்று யார் சொன்னாலும், எக்ஸ்ரே பார்க்கும் முன் ஒப்புக்கொள்ள வேண்டாம். அன்றைக்கு வெறும் வீக்கமாகத் தெரிவது மூன்றாம் நாள் எலும்பு முறிவு என்று தெரியவரும்.

2022 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள விதிகளின்படி, போலீஸ் 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையை, விபத்து இழப்பீட்டு வழக்குகளை விசாரிக்கும் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். 90 நாட்களுக்குள் விரிவான அறிக்கை போக வேண்டும். அந்த அறிக்கையையே இழப்பீட்டு மனுவாகத் தீர்ப்பாயம் எடுத்துக்கொள்ளச் சட்டத்தில் இடம் உண்டு. நடைமுறையில் எல்லா ஸ்டேஷனிலும் இது நேரத்துக்கு நடப்பதில்லை. ஆகவே அதை நம்பிச் சும்மா இருக்காமல், எஃப்.ஐ.ஆர்., வரைபடம், விபத்து நடந்த இடத்தைப் பார்த்துப் போலீஸ் எழுதும் பார்வை மகஜர், வாகன ஆய்வாளர் அறிக்கை, குற்றப்பத்திரிகை ஆகியவற்றின் நகல்களை நீங்களும் வாங்கி வையுங்கள்.

காயத்துக்கும் காருக்கும் சேர்த்து ஒரே மனு போட்டால் போதுமா?

இரண்டும் வெவ்வேறு வழி. இதைக் குழப்பிக்கொண்டு வருபவர்களே அதிகம்.

காயத்துக்கான இழப்பீடு, தப்புச் செய்த வண்டியின் தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸிலிருந்து வர வேண்டியது. அதற்கு மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 166-ஆம் பிரிவில் மனு போட வேண்டும். நம் ஊரில் அதற்கு எம்.சி.ஓ.பி. என்று பெயர். உயிரிழப்புக்கும் காயத்துக்கும் இந்த இன்சூரன்ஸில் உச்சவரம்பு கிடையாது.

உங்கள் காருக்கு, உங்களிடம் முழுக் காப்பீடு, அதாவது பேக்கேஜ் பாலிசி இருந்தால் உங்கள் நிறுவனத்திடமே கேட்கலாம். யார் தப்பு என்ற கேள்வியே அங்கு வராது. வெறும் தேர்ட் பார்ட்டி பாலிசிதான் இருக்கிறது என்றால், எதிர் வண்டியின் இன்சூரன்ஸிடம் தீர்ப்பாயம் மூலம் கேட்க வேண்டும். சொத்துச் சேதத்துக்கு அந்தப் பாலிசி வழக்கமாக ரூ.7.5 லட்சம் வரை பொறுப்பேற்கும். பிரீமியத்தைக் குறைக்க ரூ.6,000 வரம்பு போட்டுக்கொண்ட பாலிசிகளும் உண்டு, பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே சேதத்துக்கு இரண்டு பக்கமும் முழுப்பணம் வாங்க முடியாது. உங்கள் பாலிசியில் வெட்டிக்கொண்ட பகுதியை எதிர்த்தரப்பிடம் கேட்கலாம்.

சொந்த இன்சூரன்ஸில் கார் க்ளெய்ம் எப்படி நடக்கும்?

உடனே நிறுவனத்துக்குத் தகவல் சொல்லி க்ளெய்ம் எண் வாங்குங்கள். சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வந்து பார்க்கும்வரை ஒர்க்‌ஷாப்பில் ஒரு போல்ட்டைக்கூடக் கழற்ற விடாதீர்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2024 சுற்றறிக்கைப்படி 24 மணி நேரத்துக்குள் சர்வேயரை நியமிக்க வேண்டும், அவர் 15 நாட்களுக்குள் அறிக்கை தர வேண்டும், அறிக்கை கிடைத்த 7 நாட்களுக்குள் நிறுவனம் முடிவு சொல்ல வேண்டும்.

பில் 80,000 ரூபாய், வந்ததோ 52,000 என்று கோபப்படுவார்கள். பம்பர் போன்ற பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்கும் பேட்டரிக்கும் பாதி விலைதான் தருவார்கள். ஃபைபருக்கு 30 சதவீதம் கழிப்பார்கள். கண்ணாடிக்குக் கழிவு இல்லை. இரும்புப் பாகங்களுக்கு வண்டியின் வயதைப் பார்த்துக் கழிவு: 5 முதல் 10 வருட வண்டி என்றால் 40 சதவீதம். அதற்கு மேல் கட்டாயப் பிடித்தம், 1500 சிசி வரை ரூ.1,000, அதற்கு மேல் ரூ.2,000. ‘ஜீரோ டெப்’ சேர்த்திருந்தால் தேய்மானக் கழிவு பெரும்பாலும் இருக்காது. சர்வேயரின் அறிக்கை நகலைக் கேட்டு வாங்கி, எந்த வரியில் எவ்வளவு போனது என்று பாருங்கள். சில நேரம் இரும்புப் பாகத்தைப் பிளாஸ்டிக் கணக்கில் சேர்த்திருப்பார்கள்.

கார் அப்பளமாகிவிட்டது. டோட்டல் லாஸ் என்கிறார்கள். என்ன கிடைக்கும்?

பழுதுபார்க்கும் செலவு, ஐ.டி.வி.யில், அதாவது பாலிசியில் காருக்குப் போட்டிருக்கும் மதிப்பில், 75 சதவீதத்தைத் தாண்டினால் முழு இழப்பாக எடுத்துக்கொள்வார்கள். ஐ.டி.வி. 4 லட்சம் என்றால் செலவு 3 லட்சத்தைத் தாண்ட வேண்டும். கிடைப்பது ஐ.டி.வி. தொகையில் கட்டாயப் பிடித்தம் போக மீதி. நீங்கள் ஷோரூமில் கொடுத்த விலை கிடைக்காது, அதற்கு ‘ரிட்டர்ன் டு இன்வாய்ஸ்’ என்ற கூடுதல் பாதுகாப்பு எடுத்திருக்க வேண்டும். பிரீமியம் குறையட்டும் என்று ஐ.டி.வி.யைக் குறைத்துப் போட்டவர்கள் இந்த இடத்தில்தான் வருந்துகிறார்கள். கடன் பாக்கி இருந்தால் பணம் முதலில் வங்கிக்குப் போகும்.

நொறுங்கிய வண்டியை வாங்கிக்கொள்ளும் ஸ்கிராப் வியாபாரியிடம் ஆர்.சி.யை அப்படியே கொடுத்துவிடாதீர்கள். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பெயர் மாற்றமோ பதிவு ரத்தோ நடக்கும்வரை சட்டத்தின் கண்ணில் உரிமையாளர் நீங்கள்தான். பழைய காரை விற்றுப் பெயர் மாற்றாமல் விட்டவர்களுக்கும் இதே சிக்கல். 2018-இல் நவீன்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்று சொல்லிவிட்டது. கார் மூன்று கை மாறிப் போயிருந்தாலும் நோட்டீஸ் உங்கள் வீட்டுக்கு வரும்.

நான் ஓட்டினேன், தப்பும் என்னுடையதுதான். உடன் வந்த மைத்துனருக்கும் எனக்கும் ஏதாவது கிடைக்குமா?

மைத்துனருக்கு, உங்கள் பாலிசியைப் பொறுத்து. பேக்கேஜ் பாலிசி என்றால் காரில் பயணித்தவர்களுக்கும் அது பொருந்தும். வெறும் தேர்ட் பார்ட்டி பாலிசி என்றால் சொந்தக் காரில் சும்மா உடன் வந்தவருக்கு நிறுவனம் பொறுப்பேற்காது, வழக்கு உங்கள் தலையில்தான் விழும். அவரிடம் “என் மேல் கேஸ் போடு மாமா” என்று சொல்லத் தயங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பேக்கேஜ் பாலிசி இருந்தால் தயங்கவே வேண்டாம். உங்களை எதிர்மனுதாரராகச் சேர்ப்பது சட்டத்தின் முறை. உறவுக்கு அதில் பங்கம் இல்லை.

உங்களுக்கு, உரிமையாளர்–ஓட்டுநர் தனிநபர் விபத்துக் காப்பீடு இருக்கிறதா பாருங்கள். அது ரூ.15 லட்சம். உயிரிழப்புக்கும் முழு ஊனத்துக்கும் முழுத் தொகை, ஒரு கை, ஒரு கால் அல்லது ஒரு கண் இழப்புக்குப் பாதி. சாதாரண எலும்பு முறிவுக்கு அதில் எதுவும் கிடையாது. காலாவதியாகாத லைசென்ஸ் இருக்க வேண்டும்.

எத்தனை நாளுக்குள் மனுப் போட வேண்டும்? எந்த ஊரில்?

2019 திருத்தம் 2022 ஏப்ரலில் நடப்புக்கு வந்ததிலிருந்து, விபத்து நாளிலிருந்து 6 மாதம். இந்தக் கெடுவை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றத்தில் இருக்கின்றன. அவை முடியும்வரை காலதாமதத்தைக் காரணம் காட்டி மனுக்களைத் தள்ளக் கூடாது என்று 2025 நவம்பரில் இடைக்கால உத்தரவு வந்தது. அந்த உத்தரவை நம்பிக் காத்திருக்காதீர்கள், ஆறு மாதத்துக்குள் போட்டுவிடுங்கள். விபத்து நடந்த ஊர், நீங்கள் வசிக்கும் ஊர், எதிர்த்தரப்பு இருக்கும் ஊர், எங்கு வேண்டுமானாலும் போடலாம். கிருஷ்ணகிரியில் அடிபட்ட தேனிக்காரர் தேனியிலேயே நடத்தலாம்.

எவ்வளவு கிடைக்கும்? எப்படிக் கணக்குப் போடுகிறார்கள்?

மருத்துவச் செலவு, போக்குவரத்து, சத்துணவு, உடனிருந்து கவனித்தவர் செலவு, படுக்கையில் கிடந்த மாதங்களின் வருமானம், வலிக்கும் வேதனைக்கும் ஒரு தொகை எனத் தனித்தனித் தலைப்புகளில் தருவார்கள். பெரிய தொகை வருவது நிரந்தர ஊனத்தால் வருமானம் குறைவதற்கு.

ஒரு எலக்ட்ரீசியன், வயது 38 என்று வைத்துக்கொள்வோம். கணுக்கால் நொறுங்கி, பிளேட் வைத்திருக்கிறது. நடக்கிறார், ஆனால் ஏணியில் ஏற முடியவில்லை. மருத்துவக் குழு கால் ஊனம் 40 சதவீதம் என்று சான்று தருகிறது. அதை அப்படியே வருமான இழப்பாக எடுக்கக் கூடாது, ஊனம் அவருடைய தொழிலை எவ்வளவு பாதிக்கிறது என்று பார்க்க வேண்டும் என்று 2010-இல் ராஜ்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஒரு கை போனால் அரசு எழுத்தருக்குச் சம்பளம் குறையாமல் இருக்கலாம், தச்சருக்கோ ஓட்டுநருக்கோ தொழிலே போய்விடும் என்பது அந்தத் தீர்ப்பின் விளக்கம்.

நம் எலக்ட்ரீசியனுக்குத் தொழில் பாதிப்பு 30 சதவீதம் என்று தீர்ப்பாயம் ஏற்பதாகக் கொள்வோம். மாத வருமானம் 15,000. சொந்தத் தொழில், 40 வயதுக்குக் கீழ் என்பதால் எதிர்கால உயர்வுக்கு 40 சதவீதம் சேர்த்து 21,000. இது 2017-இல் பிரணய் சேத்தி வழக்கு வகுத்த முறை. வருடத்துக்கு 2,52,000. வருட வருமானத்தை எத்தனையால் பெருக்குவது என்பதை வயதைப் பார்த்து முடிவு செய்வார்கள்; 36 முதல் 40 வயது வரை இந்தப் பெருக்கு எண் 15, இது 2009-இல் சர்ளா வர்மா தீர்ப்பின் அட்டவணை. பெருக்கினால் 37,80,000. அதில் 30 சதவீதம் 11,34,000 ரூபாய். மருத்துவச் செலவும் மற்றவையும் தனி.

இப்போது தொழில் பாதிப்பு 15 சதவீதம் என்று போனால் தொகை பாதியாகிவிடும். அதனால்தான் சாட்சி சொல்லும்போது “கால் வலிக்குதுங்க” என்று மட்டும் சொல்லாமல், “ஏணியில் ஏறினால் நிற்க முடியவில்லை, வயரிங் வேலையை விட்டுவிட்டுக் கடையில் உட்கார்ந்திருக்கிறேன்” என்று உள்ளதை உள்ளபடி விவரமாகச் சொல்லச் சொல்கிறேன். கூட்டிச் சொல்லவும் வேண்டாம். குறுக்கு விசாரணையில் ஒரு பொய் பிடிபட்டால் மற்ற உண்மைகளையும் நம்பமாட்டார்கள்.

என்னிடம் சம்பளச் சீட்டு இல்லை. மனைவிக்கு வேலையும் இல்லை.

வங்கிக் கணக்கு விவரம், ஜிஎஸ்டி ரசீது, நலவாரிய அட்டை, வேலை கொடுத்த மேஸ்திரியின் சாட்சியம், எது இருந்தாலும் கொண்டுவாருங்கள். எதுவுமே இல்லாவிட்டாலும் தொழிலைப் பார்த்து ஒரு வருமானத்தைத் தீர்ப்பாயம் நிர்ணயிக்கும். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணின் உழைப்புக்கும் மதிப்பு போட வேண்டும் என்று 2021-இல் கீர்த்தி வழக்கில் உச்ச நீதிமன்றம் அழுத்திச் சொல்லியிருக்கிறது. மனுவில் ‘வேலை: இல்லை’ என்று எழுதாதீர்கள், ‘இல்லத்தரசி’ என்று எழுதுங்கள்.

பில்களைப் பற்றி ஒன்று: மெடிக்ளெய்ம் நிறுவனத்துக்கு ஒரிஜினல்களைக் கொடுக்கும் முன் எல்லாவற்றையும் ஜெராக்ஸ் எடுத்து மருத்துவமனை முத்திரை வாங்கிவிடுங்கள். மருந்துக் கடை பில் மங்கிப்போகும், அதையும் உடனே நகல் எடுங்கள்.

எதிர் வண்டி ஓட்டுநருக்கு லைசென்ஸ் இல்லை. குடித்திருந்தார். எங்களுக்குப் பணம் வராதா?

அந்தத் தப்புக்காக அடிபட்டவரைக் கைவிடக் கூடாது என்பதே நீதிமன்றங்களின் போக்கு. இன்சூரன்ஸ் நிறுவனம் முதலில் உங்களுக்குக் கொடுத்துவிட்டு, பிறகு வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளும்படி உத்தரவிடுவது வழக்கம். குடித்துவிட்டு ஓட்டியவருடைய சொந்தக் கார் க்ளெய்ம் மட்டும் நிராகரிக்கப்படும். சரக்கு வேன், டாக்ஸி ஓட்டியவரிடம் சாதாரணக் கார் லைசென்ஸ்தான் இருந்தது என்ற வாதமும் இப்போது எடுபடாது. 7,500 கிலோ வரையிலான வண்டிகளுக்கு அது போதும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொல்லிவிட்டது.

இடித்தது அரசுப் பேருந்து என்றால்? இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டால்?

அரசுப் போக்குவரத்துக் கழகமே பணம் தர வேண்டும். தீர்ப்பு வந்தும் தராமல் இழுத்தால் நிறைவேற்று மனு போட்டு, பேருந்து நிலையத்திலேயே நீதிமன்ற ஊழியரான அமீனா பேருந்தை ஜப்தி செய்வதை நீங்கள் செய்தியில் பார்த்திருப்பீர்கள்.

வண்டி தெரியவே இல்லை என்றால், உயிரிழப்புக்கு ரூ.2 லட்சம், கொடுங்காயத்துக்கு ரூ.50,000 என அரசுத் திட்டம் உண்டு. தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டாம், வருவாய்த் துறை மூலம் விண்ணப்பிக்கலாம். குறைவான தொகைதான், ஆனாலும் இப்படி ஒன்று இருப்பது தெரியாமலேயே விட்டுவிடுகிற குடும்பங்களை நினைத்தால் மனது கஷ்டப்படுகிறது.

இன்சூரன்ஸ் அதிகாரி வீட்டுக்கு வந்து, கையெழுத்துப் போட்டால் உடனே பணம் என்கிறார். வாங்கிக்கொள்ளலாமா?

சமரசம் தவறில்லை, நேரம்தான் முக்கியம். பிளேட் எடுக்க இன்னொரு அறுவை சிகிச்சை பாக்கியிருக்கும்போது, ஊனச் சான்று வாங்கும் முன், கையெழுத்துப் போடாதீர்கள். சிகிச்சை முடிந்து கணக்குத் தெளிவான பின் லோக் அதாலத்தில், அதாவது மக்கள் நீதிமன்றத்தில், முடித்துக்கொள்வது நல்லதுதான், சீக்கிரம் பணம் வரும். ஆனால் லோக் அதாலத் தீர்வை எதிர்த்து மேல்முறையீடு கிடையாது. அதனால் என் கட்சிக்காரர்களிடம், மேலே எலக்ட்ரீசியனுக்குப் போட்டதுபோல் ஒரு கணக்கைத் தாளில் எழுதிக் கையில் கொடுத்துத்தான் உள்ளே அனுப்புவேன்.

வக்கீல் வரும் பணத்தில் சதவீதம் கேட்கிறார்.

இந்திய பார் கவுன்சில் விதிப்படி அப்படிப் பேசக் கூடாது. வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் வைப்பதே தடை. வார்டுக்கு வந்து வெற்றுத் தாளில் கையெழுத்துக் கேட்கும் புரோக்கர்களிடம் எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம். வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் நீதிமன்ற வளாகத்திலேயே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, போய்க் கேளுங்கள்.

என் சொந்தக் கார் க்ளெய்மை நிராகரித்துவிட்டார்கள். எங்கே போவது?

முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்தில் புகார். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது திருப்தி இல்லை என்றால் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் (ஓம்புட்ஸ்மேன்) போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம், ரூ.50 லட்சம் வரை அவர் விசாரிப்பார், நிராகரித்த ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். நுகர்வோர் ஆணையம் இன்னொரு வழி. இவை இரண்டும் பாலிசிதாரருக்குத்தான். எதிர் வண்டி இன்சூரன்ஸ் மீதான உங்கள் காய வழக்கை இங்கே கொண்டுபோக முடியாது.

தீர்ப்பு வந்துவிட்டது. பணம் எப்போது கைக்கு வரும்?

தீர்ப்பாயம் தொகையை வட்டியோடு டெபாசிட் செய்யச் சொல்லும். நம் தீர்ப்பாயங்களில் பெரும்பாலும் மனுப் போட்ட நாளிலிருந்து 7.5 சதவீத வட்டி. நிறுவனம் 90 நாட்களுக்குள் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். தொகை குறைவு என்று நீங்களும் செய்யலாம். டெபாசிட் ஆன பின் பணத்தை உங்கள் கணக்குக்கு மாற்றக் கேட்டுத் தனி மனு போட வேண்டும். மைனர் குழந்தையின் பங்கு 18 வயது வரை வங்கியில் வைப்பாக இருக்கும், வட்டியை மட்டும் தாய் எடுத்துக்கொள்ள உத்தரவு வாங்கலாம். பாஸ்புக்கில் இருக்கும் பெயரும் மனுவில் இருக்கும் பெயரும் ஒரே எழுத்தில் இருக்கிறதா என்று முதல் நாளே பார்த்துவிடுங்கள். ‘முத்துலட்சுமி’ என்பது ‘முத்துலக்‌ஷ்மி’ என்று இருந்ததற்காகவே ஒரு விதவைத் தாய் நான்கு வாய்தாவுக்குப் பேருந்து ஏறி வந்ததை நான் பார்த்திருக்கிறேன்.